ஊசிக்குப் பிறகுதான் வேலை

“தோள்பட்டையில கல்லு மாதிரி ஒரு முடிச்சு டாக்டர். அழுத்தினா வலி தலைக்கு ஏறுது.” லாரி ஓட்டுநர்களும் தையல் வேலை செய்யும் பெண்களும் என்னிடம் அடிக்கடி சொல்வது இது. இறுகிப்போன தசைக்குள் இருக்கும் இந்த முடிச்சைத்தான் ‘டிரிக்கர் பாயிண்ட்’ என்கிறோம்.

விரலால் முடிச்சைத் தேடிப் பிடித்து, மெல்லிய ஊசியைச் செலுத்துவோம். சரியான இடத்தில் பட்டால் தசை வெடுக்கென்று துடிக்கும். பயம் வேண்டாம், அது நல்ல அறிகுறி. உள்ளே போவது பெரும்பாலும் லிக்னோகெய்ன் என்ற மரத்துப்போகும் மருந்து. மருந்தே இல்லாமல் ஊசி குத்தினாலும் முடிச்சு தளர்வதுண்டு. அமெரிக்க அதிபர் கென்னடியின் முதுகுவலிக்கு டாக்டர் ஜேனட் டிராவெல் செய்ததும் இதே சிகிச்சைதான்.

ஆனால், ஊசி வலியை அடக்கித் தரும், அவ்வளவுதான். வலி குறைந்த அந்த நாட்களில் தசையை நீட்டிப் பயிற்சி செய்ய வேண்டும். உட்காரும் முறையையும் மாற்ற வேண்டும். இல்லாவிட்டால் முடிச்சு திரும்பி வரும். மாதாமாதம் ஊசி கேட்டு வந்த தையல்கார அம்மா ஒருவர், நாற்காலியின் உயரத்தைச் சரிசெய்த பிறகு வருவதையே நிறுத்திவிட்டார்.

ரத்தம் உறையாமலிருக்க மருந்து சாப்பிடுபவர்கள் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். தோள், மார்புப் பகுதியில் ஊசி போட்டபின் மூச்சுத் திணறினால் உடனே மருத்துவமனைக்குச் செல்லுங்கள். ஊசி நுரையீரலில் படுவது அபூர்வம், ஆனால் ஆபத்து.