இராஜபாளையத்து வெள்ளை நாய்

சென்ற மாதம் ஒரு நாட் காலை, வகுப்பு முடிந்து நான் வெளியே வரும் வேளையில், சம்மாந்துறைப் பக்கத்து மாணவன் ஒருவன் தயங்கித் தயங்கி அருகில் வந்தான். கையிலே தொலைபேசி, அதன் திரையிலே பால்போல் வெளுத்த நாயொன்றின் படம். "சேர், இது இராஜபாளையம் நாயாம். பட்டிக்கு ஒன்று எடுக்கலாமா என்று வாப்பா கேட்டு வரச் சொன்னார்" என்றான்.

அவனுடைய தந்தையார் ஊரறிந்த போடியார். வட்டையிலே வயலும், அதற்கு அப்பால் மாட்டுப் பட்டியும் அவருக்கு உண்டு. இரவிலே பட்டியிலிருந்து கன்றுகள் களவு போவதாகக் கவலை. நாயைப் பற்றிய கேள்வியை மிருக வைத்தியரிடம் கேளாமல் என்னிடம் ஏன் கேட்பானேன் என்று வாசகர்கள் எண்ணக்கூடும். சில ஆண்டுகளுக்கு முன் நான் இராஜபாளையத்துக்குச் சென்று வந்த கதையை வகுப்பிலே ஒருமுறை அளந்துவிட்டேன்; அதன் பலன் இது. அன்று அவனுக்கு இரண்டு வார்த்தையிற் சொன்ன பதிலை இங்கே சற்று விரித்து எழுதுகிறேன்.

இராஜபாளையம், தென் தமிழகத்தில் மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரத்திலே அமைந்த ஊர். 1985ஆம் ஆண்டு வரை இராமநாதபுரம் மாவட்டத்தில் இருந்தது; இன்று விருதுநகர் மாவட்டத்தில் உள்ளது. ஆந்திர நாட்டிலிருந்து விசயநகரக் காலத்தை ஒட்டி வந்து குடியேறிய ராஜு மரபினரால் ஊர் இப்பெயர் பெற்றது. 1949 முதல் 1952 வரை சென்னை மாகாண முதலமைச்சராக இருந்த பூ. ச. குமாரசாமி ராஜா அவ்வூரினரே. இந்த நாயினத்தைப் பேணி வளர்த்தவர்களும் அம்மரபினரே என்பது அங்குள்ளோர் கூறும் வழக்கு.

இந்நாயைப் 'பாளையக்காரர் நாய்' என்றும் அழைப்பதுண்டு. 16ஆம் நூற்றாண்டிலே மதுரையை ஆண்ட விசுவநாத நாயக்கர் தம் நாட்டை எழுபத்திரண்டு பாளையங்களாக வகுத்தார் என்பதைச் சரித்திர மாணவர் அறிவர். அப்பாளையக்காரர்களுக்கு வேட்டை ஒரு பொழுதுபோக்கு மாத்திரமன்று, கௌரவமுமாகும். காட்டுப் பன்றியைத் துரத்தி மடக்க வேகமும் நெஞ்சுரமும் உள்ள நாய் வேண்டியிருந்தது. அதே நாய் இரவிலே அரண்மனை வாயிலையும் காத்தது. கும்பினிப் படையின் குதிரைகளை இந்நாய்கள் பாய்ந்து கடித்து வீழ்த்தின என்று பாளையக்காரர் போரைப் பற்றி ஒரு கதையும் உண்டு. கதையைக் கதையாகவே வைத்துக்கொள்வோம். 1799இல் கட்டபொம்மன் கயத்தாற்றிலே தூக்கிலிடப்பட்டதும், 1801இல் போர் ஓய்ந்து பாளையங்கள் ஒடுங்கியதும் மெய்.

பாளையக்காரர் போய் ஜமீன்தார் வந்தனர், நாய் தப்பியது. 1948இல் இயற்றப்பட்ட சட்டத்தால் ஜமீன்களும் ஒழிந்தன. 1972இல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்து வேட்டைக்கும் தடை விதித்தது. இரண்டும் நல்ல சட்டங்கள்தாம். ஆயினும் வேலையிழந்தவற்றின் பட்டியலிலே இந்த நாயும் சேர்ந்துகொண்டது. போதாக்குறைக்கு, பட்டணத்தார் அல்சேஷனையும் பொமரேனியனையும் தேடியோடிய காலம் அது. தமிழக அரசு 1980களில் சைதாப்பேட்டையிலே நாட்டு நாய்களுக்கென இனவிருத்தி நிலையம் ஒன்றை நடத்தியது. 2005ஆம் ஆண்டு இந்திய அஞ்சற்றுறை நால்வகை நாய்களுக்குத் தபால் முத்திரை வெளியிட்டபோது, இமாலய மேய்ப்பு நாய், ராம்பூர் வேட்டை நாய், முதோல் வேட்டை நாய் ஆகியவற்றோடு நமது இராஜபாளையமும் இடம்பெற்றது. 2020 ஆகஸ்டிலே இந்தியப் பிரதமர் தமது வானொலி உரையில் இராஜபாளையம், கன்னி, சிப்பிப்பாறை, கோம்பை என்று பெயர் சொல்லிப் பேசியபின் விலை ஏறியது, ஆவலும் ஏறியது. ஆவல் ஏறியதால் வந்த வினையைப் பின்னே கூறுகிறேன்.

நாயின் தோற்றத்தைச் சொல்வோம். தோள்வரை உயரம் ஏறக்குறைய 65 முதல் 75 செ.மீ. ஆழ்ந்த மார்பு, ஒட்டிய வயிறு, நீண்ட கால்கள், மடிந்து தொங்கும் செவிகள், நுனி சற்று வளைந்த வால். மயிர் குட்டையானது, உடலோடு படிந்தது. நிறம் பால் வெள்ளை, மூக்கு இளஞ்சிவப்பு, கண்கள் பொன்னிறம். கறுப்பிலும் கபிலத்திலும் குட்டிகள் பிறப்பதுண்டு. ஆயினும் வெள்ளையையே உயர்வாகக் கொண்டு மற்றவற்றைத் தள்ளி வந்தனர். குணமோ தனிக் குணம். ஒருவனை எசமானாக வரித்துக்கொண்டால் அவன் குடும்பம் தவிரப் பிறரை எளிதில் அண்ட விடாது. வருவோர் போவோரிடமெல்லாம் வாலாட்டும் நாய் வேண்டுவோர் இதை நாடுதல் வீண்.

இனி அந்த வினைக்கு வருகிறேன். நான் அங்கே சென்றபோது, நாய் வளர்த்து விற்கும் ஒருவர் வீட்டிலே ஆறு வாரக் குட்டிகள் சிலவற்றைக் கண்டேன். தாய் ஒரு மூலையிலே படுத்திருந்தது. குட்டிகள் குவிந்து உறங்கின. வீட்டுச் சிறுமி ஒருத்தி கைதவறி வெண்கலத் தட்டொன்றைத் திண்ணைக்கு அப்பால் போட்டுவிட்டாள். தாய் துள்ளி எழுந்தது. குட்டிகளும் திடுக்கிட்டு விழித்தன, இரண்டைத் தவிர. அவ்விரண்டும் அசையவே இல்லை. அவையே அக்கூட்டத்தில் மிக வெள்ளையானவை. ஒன்றன் கண்கள் நீலம். "செவிடா?" என்று கேட்டேன். "போகப் போகச் சரியாகிவிடும்" என்றார் அவர். ஏனைய குட்டிகளைவிட அவ்விரண்டுக்கும் விலை அதிகம் சொன்னார்.

போகப் போகச் சரியாவதில்லை. காரணம் இதுதான்: தோலுக்கும் மயிருக்கும் நிறமூட்டும் கலங்கள் உள்செவியிலும் வேலை செய்கின்றன. ஒலியை உணரும் நுண்மயிர்க் கலங்கள் உயிர்வாழ அவற்றின் துணை தேவை. அளவுகடந்த வெண்மையை நாடி இனம் பெருக்கும்போது, நிறக் கலங்கள் செவிக்குள்ளே போய்ச் சேராத குட்டிகள் பிறக்கின்றன. நாய்க்குட்டியின் செவித்துளை பிறந்து இரண்டு வாரமளவில் திறக்கின்றது. அதை அடுத்த சில வாரங்களிலேயே அக்குட்டிகளின் உள்செவி அழிந்துபோகின்றது. அழிந்தது மீள்வதில்லை. இது இராஜபாளையத்துக்கு மட்டும் உரிய சாபமன்று. நீலக் கண்ணுடைய வெள்ளைப் பூனைகள் செவிடாயிருப்பதை டார்வின் 1859இல் வெளியிட்ட நூலிலேயே குறித்திருக்கிறார். அமெரிக்காவிலே சோதிக்கப்பட்ட டால்மேஷியன் நாய்களில் நூற்றுக்கு ஏறக்குறைய முப்பது, ஒரு செவியிலேனும் கேட்கும் ஆற்றல் இழந்தவையாயிருந்தன. ஒரு செவி மாத்திரம் கேளாத நாயை நாம் தட்டைத் தட்டிக் கண்டுபிடிக்க இயலாது. அதற்கு மூளையின் மின்னலைகளை அளக்கும் கருவி வேண்டும். அத்தகைய நாய் வீட்டிலே நன்றாகவே வாழும். ஆனால் அதன் குட்டிகளுக்குக் குறையைக் கொடுக்கக்கூடும். அதை இனவிருத்திக்கு விடாதிருப்பதே முறை.

இரு செவியும் கேளாத நாயைக் கை அசைவினாற் பழக்கலாம், அன்புடையோர் பழக்கியிருக்கின்றனர். ஆனால் உறங்கும்போது தீண்டினால் திடுக்கிட்டுக் கடிக்கும். வண்டி வருவதை அறியாது. காவலுக்கோ அது உதவாது. வெள்ளையான நாய்தான் வேண்டும் என்பது மனிதனின் ஆசை. அதற்கு விலை கொடுப்பது குட்டி. குட்டி பார்க்கப் போகிறவர்கள், அது உறங்கும்போது பின்னாலிருந்து, காற்றும் நிலஅதிர்வும் படாதவாறு, ஒரு சாவிக் கொத்தை மெல்லக் குலுக்கிப் பார்க்கட்டும். செவி திரும்பாவிட்டால், எத்துணை வெள்ளையாயினும் காவலுக்கென்று வாங்க வேண்டாம்.

நமது கல்முனைக் கரையிலே நாயைப் பற்றிப் பேசும்போது சமயத்தையும் எண்ணாதிருக்க முடியாது. இங்குள்ள முஸ்லிம் மக்களில் மிகப் பெரும்பாலோர் ஷாபிஈ வழியினர். நாயின் உமிழ்நீர் பட்ட பாத்திரத்தை ஏழு முறை, அதிலொன்று மண்ணோடு, கழுவ வேண்டும் என்பது அவர்கள் விதி. அந்த நியமத்தை அயலவரான நாங்கள் மதிக்க வேண்டும். பள்ளிவாசலுக்குப் போகிறவர் வழியிலே நாயை அவிழ்த்துவிடுவது அயலுறவுக்கு ஆகாது. அதே சமயம் வேட்டைக்கும், கால்நடைக் காவலுக்கும், பயிர்க் காவலுக்கும் நாய் வைத்திருக்க ஹதீஸ் இடந்தருகின்றது என்பதை என் மாணவர்கள் என்னைவிட நன்கறிவர். குகைவாசிகளின் வாயிலிலே கால் நீட்டிப் படுத்திருந்த நாயைத் திருக்குர்ஆனின் கஹ்பு அத்தியாயம் சொல்கின்றது. நாயை விட்டுச் சொர்க்கம் புக மறுத்த தருமனை மகாபாரதம் சொல்கின்றது. ஆகவே போடியார் பட்டிக்கு நாய் தேடுவதிலே பிழையொன்றுமில்லை.

பட்டி காத்த நாய்க்குத் தமிழர் கல் நட்டதும் உண்டு. திருவண்ணாமலை மாவட்டத்து எடுத்தனூரிலே ஏழாம் நூற்றாண்டு நடுகல் ஒன்று உள்ளது. மகேந்திரவர்ம பல்லவன் காலத்தது. ஆநிரை கவர வந்தவரோடு பொருது மாண்ட வீரனோடு, கள்வர் இருவரைக் கடித்து நின்ற அவன் நாயும் அதிலே செதுக்கப்பட்டிருக்கின்றது. நாயின் பெயர் கோவிவன் என்று கல்வெட்டே கூறுகின்றது. அரசர் பெயரே தெரியாமற்போன காலத்திலிருந்து ஒரு நாயின் பெயர் நமக்கு எட்டியிருப்பதை எண்ணுந்தோறும் எனக்கு வியப்பு அடங்குவதில்லை.

ஆனால் இராஜபாளையம் பட்டிக்கு ஏற்ற நாயா? இங்கேதான் போடியாருக்கு நான் ஒரு தடை சொல்ல வேண்டியவனானேன். ஓடுவதைக் கண்டால் துரத்துவது வேட்டை நாயின் இரத்தத்தில் ஊறியது. கன்று ஓடினாலும் அது துரத்தும். துருக்கியின் காங்கல், இத்தாலியின் மாரெம்மா போன்ற மந்தைக் காவல் நாய்கள், குட்டிப் பருவத்திலேயே மந்தையோடு விடப்பட்டு, மந்தையையே தம் குடும்பமாக எண்ணி வளர்பவை. அவுஸ்திரேலியாவிலே வார்னம்பூல் என்னும் ஊரையடுத்த சிறு தீவொன்றில் நரிகளிடமிருந்து பெங்குவின் பறவைகளைக் காக்க 2006 முதல் மாரெம்மா நாய்களை நிறுத்தினர் என்றால் அவற்றின் பொறுமையை ஊகித்துக்கொள்ளலாம். இராஜபாளையம் வீட்டுக்கும் தோட்டத்துக்கும் நல்ல காவல். மாட்டோடு பழக்க வேண்டுமாயின் இரண்டாம் மாதந்தொட்டே பழக்க வேண்டும். யானைக்கோ எந்த நாயும் மருந்தன்று. யானையைக் குரைத்துச் சீண்டிவிட்டு, அது துரத்தும்போது நேரே எசமானின் வாடிக்குள் ஓடி வரும் நாய், எசமானுக்கே எமனாகும்.

வளர்ப்பு முறையைச் சுருங்கச் சொல்கிறேன். இந்தியாவிலிருந்து முறைப்படி கொண்டுவர நமது கால்நடை உற்பத்தி சுகாதாரத் திணைக்களத்தின் அனுமதி வேண்டும். தோணியிலே மறைத்துக் கொண்டுவருவோரிடம் வாங்குவது சட்டத்துக்கும் நோய்த் தடுப்புக்கும் விரோதம். கரிசல் நிலத்து வெயிலிற் பழகிய இனமாதலால் நம் கச்சான் காலத்தைத் தாங்கும். எனினும் வெள்ளைத் தோலும் சிவந்த மூக்கும் வெயிலிற் பொசுங்குமாகையால் நண்பகலிலே நிழல் அவசியம். மாரியிலே ஈரத்தரையிற் கட்டிவைத்தால் தோல் நோய் தொற்றும். உண்ணியை நாள்தோறும் செவிமடலிலும் விரலிடுக்கிலும் தேடி நீக்க வேண்டும். உண்ணிக் காய்ச்சலால் மடியும் நாய்கள் பல. சோறும் மீனும் போதாவோ என்பர். போதும், ஆனால் முள்ளும் வெந்த எலும்பும் கூடாது. வெங்காயம் நாய்க்கு நஞ்சு. ஆழ்ந்த மார்புடைய நாய்களுக்கு வயிறு உப்பி முறுக்கிக்கொள்ளும் ஆபத்து உண்டு. ஆகையால் உணவை இரு வேளையாகப் பிரித்துக் கொடுத்து, உண்டவுடன் ஓடவிடாதிருத்தல் நன்று. நாள் முழுதும் சங்கிலியிற் கிடக்கும் இராஜபாளையம் வெறிபிடித்தாற்போலாகிவிடும். காலையும் மாலையும் ஓட இடமில்லாதோர் இந்த நாயை வாங்காதிருப்பதே அதற்குச் செய்யும் உபகாரம்.

எல்லாவற்றிலும் முதன்மையானது விசர்நாய்க்கடித் தடுப்பூசி. மிருக வைத்தியர் சொல்லும் வயதிலே முதல் ஊசியும், பின் ஆண்டுதோறும் ஒன்றும் தவறாமற் போட வேண்டும். அந்நோய் வெளிப்பட்டபின் மனிதனுக்காயினும் நாய்க்காயினும் பிழைப்பில்லை. கடிபட்டவர் காயத்தைச் சவர்க்காரமிட்டு ஓடும் நீரிலே பதினைந்து நிமிடம் கழுவி, உடனே வைத்தியசாலைக்குச் செல்ல வேண்டும். மந்திரித்துக்கொண்டு வீட்டிலிருப்பது உயிரோடு விளையாடுவதாகும்.

இவற்றையெல்லாம் மாணவன் வீட்டிலே சொல்லியிருக்கிறான். சென்ற வெள்ளிக்கிழமை ஜும்ஆத் தொழுகை முடிந்தபின் போடியார் தாமே என் வீட்டுக்கு வந்தார். தேநீர் அருந்திவிட்டு, "மாஸ்டர், வெள்ளை நாய்தான் வேணுமென்று பொடியன் நிற்கிறான். எனக்குக் காது கேட்கிற நாய் போதும்" என்றார். பட்டியிலேயே பிறந்து மாடுகளோடு வளர்ந்த கபில நிற நாட்டு நாய்கள் இரண்டு அவரிடம் இருக்கின்றனவாம். அவற்றுக்கு ஊசி போட்டதுண்டா என்று கேட்டேன். இல்லையென்று தலையசைத்தார். வரும் சனிக்கிழமை மிருக வைத்தியரையும் அழைத்துக்கொண்டு வட்டைக்குப் போவதாகப் பேச்சு.