நோவு தணிதல் வேறு, நோய் தீர்தல் வேறு

சுகம் என்னும் சொல்லை நாம் இரு பொருளில் வழங்குகின்றோம். நோவு தணிந்தாலும் சுகம்; நோய் தீர்ந்தாலும் சுகம். அன்றாடப் பேச்சில் இம்மயக்கத்தாற் பெருங்கேடு விளைவதில்லை. ஆனால், முடக்குவாதத்துக்குக் கோட்டிக்கோஸ்ரெறொயிட் மருந்துகளை வழங்குமிடத்து, இம்மயக்கம் எலும்பையும் கண்ணையும் சிலவேளை உயிரையுமே விலையாகக் கேட்கின்றது. மருத்துவ விடயத்திற் கலைப்பீடத்தாருக்கு என்ன வேலை என வினவுவோர்க்கு எமது விடை இதுவே: சொல்லின் பொருளைக் காப்பது எமது கடன்.

வரலாற்றை நோக்குவோம். 1948 செப்டெம்பரில், அமெரிக்காவின் மயோ மருத்துவ நிலையத்தில், பிலிப் ஹெஞ்ச் என்னும் வைத்தியர் முடக்குவாதத்தால் நடமாட இயலாதிருந்த 29 வயதுப் பெண்ணொருவருக்குப் புதிய மருந்தொன்றை ஊசி மூலம் ஏற்றினார். பின்னர் கோட்டிசோன் எனப் பெயர்பெற்ற ஓமோனே அது. சில நாட்களில் அப்பெண் எழுந்து நடந்தார். 1949இல் உலகம் இதனை அறிந்தது. 1950இல் ஹெஞ்ச், கெண்டல், றைக்ஸ்ரைன் ஆகிய மூவருக்கும் நோபல் பரிசு கிட்டியது. அற்புத மருந்து என்ற ஆரவாரம் எழுந்தது. ஆனால், மருந்தை நிறுத்தியதும் நோய் மீண்டது. தொடர்ந்து கொடுத்தபோது முகம் ஊதிற்று, எலும்பு நலிந்தது, தொற்றுநோய்கள் எளிதிற் பற்றின. 1954இல் பிரித்தானியாவில் வெளியான ஆய்வொன்று, கோட்டிசோனுக்கும் எளிய அஸ்பிரினுக்குமிடையே பயனிற் பெரும் வேறுபாடு காணவில்லை.

காரணம் வெளிப்படையானது. உடலைக் காக்கவேண்டிய எதிர்ப்பாற்றலே மூட்டுகளைத் தாக்குவது இந்நோயின் இயல்பு. ஸ்ரெறொயிட் அழற்சியை விரைந்து தணிக்கின்றது. நோயை வேரோடு களைவதில்லை. நெடுங்காலம் உட்கொண்டால் உடலின் அதிரீனற் சுரப்பி தன் தொழிலை மறந்து சோம்புகின்றது. ஆதலால், அஞ்சி அதனைத் திடீரென நிறுத்துவதும் உயிராபத்தாகலாம். வைத்தியரின் மேற்பார்வையிற் படிப்படியாகவே குறைத்தல் வேண்டும்.

அவ்வாறாயின் இம்மருந்து நஞ்சா? அன்று. அவ்வாறு கூறுவோர் மறுகரையில் நின்று அதே பிழையைச் செய்கின்றனர். நாளொன்றுக்கு 7.5 மில்லிகிராம் பிரட்னிசொலோன், ஏனைய மருந்துகளுடன் சேர்ந்து, மூட்டரிப்பை இரண்டாண்டுகளில் மட்டுப்படுத்தியதை 1995இல் வெளியான ஆய்வு காட்டிற்று. நோயின் போக்கையே மாற்றவல்ல மெதொற்றெக்சேற்று போன்ற மருந்துகள் பயன்தர வாரங்கள் பல செல்லும். அவ்விடைவெளியைக் கடக்க ஸ்ரெறொயிட் உதவும். இயன்ற விரைவில் அதனைக் குறைத்து நிறுத்துக என்பதே ஐரோப்பிய வாதநோய் வல்லுநர்கள் 2022இல் விடுத்த பரிந்துரை. ஆறு கடத்தற்குத் தோணி வேண்டும். தோணியிலேயே குடியிருக்க எண்ணுதல் பேதைமை.

எமது சீற்றம் மருந்தின் மீதன்று, மௌனத்தின் மீது. பெயரெழுதாத கடதாசி உறையிற் குளிசைகளை இட்டுக் கொடுப்பவர் குற்றவாளி. நாட்டு மருந்து என்ற பெயரில் விற்கும் பொடியில் ஸ்ரெறொயிட்டை மறைத்துக் கலப்பவர் அவரினும் பெரிய குற்றவாளி. இத்தகைய கலப்படம் பல நாடுகளின் ஆய்வுகூடங்களில் வெளிப்பட்டதொன்றே. பழைய சீட்டைக் காட்டி ஆண்டுக்கணக்கில் அதே குளிசையை வாங்குவோரை மட்டும் நோவதில் நியாயமில்லை; அது யாதென அவருக்கு எவருமே சொன்னதில்லை.

"நோயாளிக்கு விளங்காது" என்பது இம்மௌனத்துக்குக் கூறப்படும் சாட்டு. எப்பயிருக்கு எப்பருவத்தில் எவ்வளவு பசளை எனக் கணக்கறிந்த கமக்காரனுக்கு, தன் உடலுக்கு எம்மருந்து எத்தனை நாள் என்பதா விளங்காது? விளங்காதது அவனுக்கன்று, விளக்க மனமில்லாதது எமக்கு. திருக்குறளின் மருந்து அதிகாரத்தை மேடைதோறும் முழங்குகின்ற நாம், குளிசை உறையின்மேல் நான்கு சொற்களை எழுத மறுக்கின்றோம்.

நாம் வேண்டுவது பெரிதன்று. மருந்தின் பெயர், அளவு, உட்கொள்ள வேண்டிய காலம், குறைக்கும் முறை ஆகிய நான்கும் நோயாளியின் தாய்மொழியில், அவர் கையில் எழுத்தாக இருத்தல் வேண்டும். நோவைத் தணிக்கும்போது நோவு தணிந்தது என்றே கூறுக. நோய் தீர்ந்தது என்னும் சொல்லை, அது மெய்யாகத் தீரும் நாளுக்கென வைத்திருங்கள்.