திரும்பி வருவதும் ஒரு தீர்மானம்

தொழிலுக்காகவும் உயிர் தப்புவதற்காகவும் கடலைக் கடந்த எம்மவர் பலருக்கு, விளையாட்டுக்காக நடுக்கடலுக்குப் போவது புதினமாகத்தான் இருக்கும். அவுஸ்திரேலியாவில் நத்தாருக்கு மறுநாள், டிசெம்பர் 26ஆம் திகதி, பகல் 1 மணிக்குப் பாய்மரப் படகுகள் சிட்னித் துறைமுகத்திலிருந்து தஸ்மேனியாவின் ஹோபார்ட் நகரை நோக்கிப் புறப்படுகின்றன. தூரம் 628 கடல் மைல். ஏறக்குறைய 1,163 கிலோமீற்றர். 1945இல் நடந்த முதற் போட்டியில் 9 படகுகளே ஓடின. வென்ற படகின் பெயர் 'ராணி'.

தொலைக்காட்சியில் நாம் காண்பது புறப்படும் காட்சியை மட்டுமே. உண்மையான வேலை அதற்குப் பல மாதங்களுக்கு முன்பே தொடங்கிவிடுகிறது. தஸ்மேனியாவுக்கும் பெருநிலத்துக்கும் இடையிலுள்ள பாஸ் நீரிணை ஆழம் குறைந்தது. அவ்வழியில் கிழக்குக் கரையோரமாகத் தெற்கே ஓடும் நீரோட்டத்தைத் தென்காற்று எதிர்த்து வீசினால், அலைகள் சுவர்போல் எழும்.

1998இல் அதுதான் நடந்தது. புறப்பட்ட 115 படகுகளில் 44 மட்டுமே ஹோபார்ட் சேர்ந்தன. 5 படகுகள் மூழ்கின. 55 பேர் மீட்கப்பட்டனர். 6 பேர் மாண்டனர்.

அதன் பின்னர் விதிகள் இறுக்கமாயின. படகோட்டிகளில் பாதிப்பேராவது கடற்பாதுகாப்புப் பயிற்சி பெற்றிருக்க வேண்டும். உயிர்காப்பு அங்கியுடன் நீச்சல் தடாகத்தில் குதிப்பதும், கவிழ்ந்த மிதவையை நிமிர்த்தி ஏறுவதும் இப்பயிற்சியில் அடங்கும். படகிலும் ஒத்திகை நடக்கும். ஒருவர் தவறி விழுந்தால் யார் அவரையே பார்த்துக் கை காட்டுவது, யார் படகைத் திருப்புவது என்பதைப் பழகிக்கொள்கிறார்கள். புயலுக்கென்று சிறிய, தடித்த பாய்களை இருட்டிலும் கட்டிப் பழகுகிறார்கள். இரவில் முறை வைத்துச் சிலர் தூங்க, சிலர் விழித்திருப்பார்கள்.

இன்னொரு விதிதான் என்னை மிகவும் கவர்ந்தது. பாஸ் நீரிணையை அடையுமுன் கிறீன் கேப் என்ற முனை வருகிறது. அவ்விடத்தில் ஒவ்வொரு கப்டனும் வானொலித் தொடர்பில் அறிவிக்க வேண்டும்: வானிலை அறிக்கையைக் கவனித்தோம், இயந்திரமும் உயிர்காப்பு மிதவையும் சரியாக உள்ளன, எல்லோரும் தொடர்ந்து போகும் நிலையில் இருக்கிறோம். அப்படிச் சொல்ல முடியாவிட்டால் போட்டியிலிருந்து விலக வேண்டியதுதான். அருகில் ஈடன் துறைமுகம் இருக்கிறது. செலவழித்த பணமும் பல மாத உழைப்பும் ஒரு பக்கம், கூட வந்தவர்களின் உயிர் மறுபக்கம். அங்கே திரும்புகிற கப்டனை இந்நாட்டு மாலுமிகள் கோழை என்று சொல்வதில்லை.

ஆயத்தத்தால் ஆபத்து முற்றாக நீங்கிவிடாது. 2024இலும் இருவர் உயிரிழந்தார்கள். ஆயினும் கடலை மதிப்பவனுக்கே கடலில் வழி உண்டு என்பது எங்கள் கரையோர மக்களுக்குத் தெரியாததல்ல.

சிட்னியில் இருப்பவர்கள் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு சேர்குலர் கீயிலிருந்து வற்சன்ஸ் பே படகில் போய், சவுத் ஹெட் முனையில் நின்று பார்க்கலாம். கரையில் நின்று பார்ப்பதற்குக் கட்டணம் இல்லை. வெயில் கடுமையாக இருக்கும். தொப்பியும் தண்ணீரும் மறக்க வேண்டாம். மறுநாள் செய்தியில் பாய் கிழிந்த படகு ஒன்று திரும்பி வருவதைக் கண்டால், அது தோற்றுவிட்டது என்று பிள்ளைகளுக்குச் சொல்லாதீர்கள். எல்லோரும் பத்திரமாக வந்துவிட்டார்கள் என்று சொல்லுங்கள்.