ஈஸ்ட் என்ன கிள்ளுக்கீரையா?

"மனுஷனுக்கு வர்ற வைரஸைப் பத்தி ஈஸ்ட்ல ஆராய்ச்சியாம்! கள்ளுல நுரை கட்டுற சமாச்சாரம். அதுக்கு ரத்தமும் கிடையாது, நுரையீரலும் கிடையாது. வெட்டி வேலை."

அறிவியல் பேச்சு வந்தாலே இப்படி ஒரு குரல் எழும். நாமும் சிரித்துவிட்டு நகர்ந்துவிடுவோம். இந்த முறை எனக்குச் சிரிப்பு வரவில்லை.

1987இல் மெலனி லீயும் பால் நர்ஸும் செய்ததைப் பாருங்கள். பிளவு ஈஸ்ட் என்று ஒன்று உண்டு. கள் ஈஸ்டுக்குத் தூரத்துச் சொந்தம், கிழக்கு ஆப்பிரிக்க பியரிலிருந்து பிரித்தெடுத்தது. செல் பிரிய உத்தரவு கொடுக்கும் சிடிசி2 ஜீன் பழுதான பிளவு ஈஸ்டுக்குள் மனித ஜீன்களைச் செலுத்தினார்கள். அவற்றில் ஒன்று அந்த வேலையை எடுத்துக்கொண்டது. நின்றுபோன செல் பிரியத் தொடங்கியது. நமக்கும் அதற்கும் உறவு விட்டுப்போய் ஏறக்குறைய நூறு கோடி ஆண்டுகள். இன்னும் உதிரிபாகம் பொருந்துகிறது!

அடுத்தது எச்ஐவி. அதன் விபிஆர் புரதம் வெறும் 96 அமினோ அமிலங்கள் கொண்ட பொடியன். ஆனால் மனிதச் செல்லைப் பிரியும் தறுவாயில் நிறுத்திவிடும். அந்த ஒரு ஜீனை மட்டும் பிளவு ஈஸ்டில் வைத்தபோது அங்கேயும் செல் நின்றது. பிரியாமல் நீண்டுகொண்டே போனது. வீ1 நொதி சிடிசி2 மேல் பாஸ்பேட் பூட்டைப் போடும், சிடிசி25 திறக்கும். விபிஆர் இருந்தால் பூட்டு திறப்பதில்லை.

ரத்தம் இல்லாதது இங்கே குறை இல்லை, வசதி. முழு வைரஸ் புகுந்த மனிதச் செல் ஒரு சந்தைக்கடை; வைரஸின் மற்ற புரதங்களும் உடலின் எதிர்ப்பும் ஒரே நேரத்தில் கத்தும். ஈஸ்டில் ஒரே குரல். தொற்றும் பயமும் இல்லை.

அதற்காக ஈஸ்ட் சொல்வதெல்லாம் வேதவாக்கு இல்லை. மனிதச் செல்லில் விபிஆர் ஏடிஆர் என்னும் எச்சரிக்கைப் பாதை வழியாகப் பூட்டுக்குப் போகிறது. பிளவு ஈஸ்டிலோ அதற்கு இணையான ராட்3 இல்லாமலே பூட்டு விழுகிறது. ஈஸ்டில் கண்டதை அப்படியே மனிதனுக்கு ஒட்டித் தலைப்புச் செய்தி போடுகிறவர்களோடும் எனக்குச் சண்டைதான்.

ஆனால் ஒன்று. வீ1, சிடிசி25 ஜீன்களெல்லாம் எழுபதுகளிலேயே ஈஸ்டில் கண்டறியப்பட்டவை. எய்ட்ஸ் முதன்முதலில் பதிவானது 1981இல். "இதனால என்ன பிரயோஜனம்?" என்று கேட்டு அன்றைக்கே அந்த ஆய்வகத்தை இழுத்து மூடியிருந்தால், விபிஆர் கைவைக்கும் பூட்டு எது என்று எங்கே போய்த் தேடியிருப்போம்?