ரெண்டு வட்டியும் ஒன்பது வட்டியும்

“பேங்க்ல நகைக்கு ஒன்பது பர்சென்ட் கேக்குறான். நம்ம தெருவுல ரெண்டு வட்டிக்கே கிடைக்குது” என்று டீக்கடையில் ஒருவர் சொன்னால், பக்கத்தில் இருப்பவரும் தலையாட்டுகிறார். ஒன்பதைவிட ரெண்டு சிறியதுதானே! ஆனால் தெருவில் ரெண்டு வட்டி என்றால் நூறு ரூபாய்க்கு மாதம் ரெண்டு ரூபாய். வங்கி சொல்லும் ஒன்பது, ஆண்டுக்கு. பன்னிரண்டால் பெருக்கினால் தெரு வட்டி 24 சதவீதம். மூணு வட்டி 36, அஞ்சு வட்டி 60. ஒரு லட்சம் வாங்கியவர், அசலில் ஒரு ரூபாய்கூடக் கழியாமல், ஆண்டுக்கு 24,000 ரூபாய் கட்டுகிறார். வங்கியில் அது 9,000.

சதவீதம் என்றதும் நம் கண் எண்ணுக்குத்தான் போகிறது. எதில் இத்தனை சதவீதம், எத்தனை நாளைக்கு என்று கேட்பதில்லை. ஆடித் தள்ளுபடியில் 50-உம் அதற்கு மேல் 20-உம் என்றால் 70 அல்ல, 60. அந்த இருபது, மீதமுள்ள பாதி விலையில்தான். அங்கே கணக்கு தப்பினால் ஒரு புடவையோடு போயிற்று. கடனில் தப்பினால் வருஷக்கணக்கில் உழைப்பு போகிறது. அதுவும் இல்லாதவர்களிடமிருந்தே போகிறது என்பதுதான் எனக்கு ஆறவில்லை.

எங்கள் பகுதிச் சந்தையில் காய் விற்கும் அக்கா ஒருவர் தண்டலில் கடன் வாங்குகிறார். தராசுக்குக் கீழே, எடைக்கல்லோடு ஒரு அட்டை இருக்கும். கட்டம் கட்டமாகக் கோடு போட்டு, கட்டிய நாளுக்கெல்லாம் கையெழுத்து. கடன் பத்தாயிரம் என்று எழுதியிருக்கும். கையில் கொடுப்பது ஒன்பதாயிரம். தினம் நூறு ரூபாய், நூறு நாள். “பத்து பர்சென்ட்தான் தம்பி, முன்னாடியே எடுத்துக்கிடுவாங்க” என்றார்.

பத்து அல்ல. வாங்கியதே ஒன்பதாயிரம் என்பதால், ஆயிரம் என்பது அதில் 11 சதவீதத்துக்கு மேல். அது போகட்டும். அந்த ஒன்பதாயிரமாவது நூறு நாளும் அவரிடம் இருக்கிறதா? மறுநாளே நூறு திரும்பிப் போகிறது, அதற்கு மறுநாள் இன்னொரு நூறு. ஐம்பதாம் நாளில் பாதிக் கடன் கட்டியாயிற்று. சராசரியாகப் பார்த்தால் அவர் கையில் புரண்ட கடன் சுமார் 4,500 ரூபாய்தான். நாலாயிரத்து ஐந்நூறுக்கு நூறு நாளில் ஆயிரம் வட்டி என்றால் 22 சதவீதம். ஆண்டுக்குக் கணக்கிட்டால் 80 சதவீதத்தை ஒட்டி வரும். கறாராகக் கணக்குப் போட்டாலும் 77-க்குக் கீழே இறங்காது. 2003-இல் தமிழ்நாடு கொண்டுவந்த கந்துவட்டித் தடைச் சட்டம், மீட்டர் வட்டியோடு தண்டலையும் பெயர் சொல்லியே சேர்த்திருக்கிறது. அட்டையில் கையெழுத்து மட்டும் நிற்கவில்லை.

அவருக்குக் கணக்கு தெரியாது என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். முக்கால் கிலோ வெண்டைக்காய்க்கும் கால் கிலோ கத்தரிக்காய்க்கும் சேர்த்து நாம் பையை விரிப்பதற்குள் விலை சொல்லிவிடுவார். விடியற்காலையில் மண்டிக்குப் போக ரொக்கம் வேண்டும். தண்டல்காரர் கடைக்கே வந்து கொடுக்கிறார், காகிதம் கேட்பதில்லை. அதனால் வாங்குகிறார். ஆனால் 2020-இல் தெரு வியாபாரிகளுக்கென்று மத்திய அரசு தொடங்கிய ஸ்வநிதி திட்டத்திலும் முதல் கடன் இதே பத்தாயிரமாகத்தான் இருந்தது. ஓராண்டில் மாதத் தவணையாகக் கட்ட வேண்டும். வட்டி 12 சதவீதம் என்று வைத்துக்கொண்டால், ஆண்டு முழுவதற்கும் சேர்த்து 660 ரூபாய்ச் சொச்சம். ஒழுங்காகக் கட்டினால் அதிலும் 7 சதவீத வட்டி மானியம் உண்டு. தண்டலிலேயே ஆண்டை ஓட்டினால் 3,650 ரூபாய். இந்த இரண்டு தொகையையும் அருகருகே எழுதி ஒவ்வொரு சந்தை வாசலிலும் மாட்டி வைக்க வேண்டும் என்பேன்.

மாதச் சம்பளக்காரர்களும் இதே இடத்தில்தான் சறுக்குகிறார்கள். பைக்குக்கோ வீட்டுச் சாமானுக்கோ கடன் கேட்டால், “ஃபிளாட் ரேட் 12 பர்சென்ட்தான் சார்” என்பார்கள். ஒரு லட்சத்துக்கு ஓராண்டு வட்டி 12,000. மாதத் தவணை 9,333. பள்ளியில் படித்த தனிவட்டிக் கணக்கேதான். ஆனால் அந்தக் கணக்கில் அசல் முழுக்க கடைசி நாள்வரை நம்மிடம் இருக்கும். இங்கே மாதாமாதம் அசலும் கழிகிறது. வட்டியோ பன்னிரண்டாம் மாதத்திலும் முழு லட்சத்துக்கு. மிச்சமிருக்கும் அசலுக்கு மட்டும் வட்டி போடும் முறையில் சொன்னால் இது ஏறக்குறைய 21.5 சதவீதம். உண்மையான 12 சதவீதத்தில் தவணை 8,885 ரூபாய்தான். ஃபிளாட் என்று காதில் விழுந்தால், எண்ணை இரட்டித்துக் கொஞ்சம் குறைத்துக்கொள்ளுங்கள். பெரும்பாலும் சரியாக வரும்.

இதற்கு நம் பக்கம் ஒரு விதி இருக்கிறது. 2024 அக்டோபர் 1 முதல், தனிநபருக்குப் புதிதாகக் கடன் தரும் வங்கியும் நிதி நிறுவனமும் முக்கிய விவர அறிக்கை ஒன்றைத் தர வேண்டும் என்று ரிசர்வ் வங்கி உத்தரவிட்டிருக்கிறது. வட்டி, பரிசீலனைக் கட்டணம், காப்பீடு என்று நம் தலையில் விழும் செலவெல்லாம் சேர்த்து, ஆண்டுக்கு இத்தனை சதவீதம் என்று ஒரே எண்ணாக அதில் போட்டிருக்க வேண்டும். வாங்குபவருக்குப் புரியும் மொழியில் இருக்க வேண்டும் என்பதும் அதே உத்தரவில் உண்டு. ஆகவே தமிழில் கேளுங்கள். ஒரு வாரமோ அதற்கு மேலோ காலக்கெடு உள்ள கடன் என்றால், அதில் சொன்ன நிபந்தனைகள் குறைந்தது மூன்று வேலை நாட்களுக்குச் செல்லும். “இன்னிக்கே கையெழுத்துப் போட்டாத்தான் இந்த ரேட்” என்று யாராவது அவசரப்படுத்தினால், தாளை வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்து கணக்குப் போட்டுப் பார்க்க அந்த மூன்று நாள் போதும்.