சோலார் லாபம் யாருக்குப் போச்சு? கிரீன் ஃபண்டுல பணம் போடும் முன்னாடி இதைப் படிங்க



சமீபமா அடிக்கடி வர்ற கேள்வி இது: "உலக நாடுகள் எல்லாம் சேர்ந்து கிளீன் எனர்ஜி ஆராய்ச்சிக்குக் கோடி கோடியா கொட்டுறாங்களே, அந்தத் துறை ஃபண்டுல எஸ்ஐபி போட்டா பணம் அள்ளலாமா?"

என் கருத்து: ஆராய்ச்சி ஜெயிக்கும். ஆனா அதை நம்பி ஷேர் வாங்கினவரும் ஜெயிப்பார்னு சொல்ல முடியாது. சோலார் பேனலோட கதையைப் பார்த்தாலே புரியும்.

1954-ல அமெரிக்காவின் பெல் ஆய்வகம் சிலிக்கான் சோலார் செல்லைக் காட்டினப்போ, விழுற வெயில்ல சுமார் 6 சதவீதம்தான் கரண்டா மாறுச்சு. 1980-கள்ல ஆஸ்திரேலியாவில், நியூ சவுத் வேல்ஸ் பல்கலைக்கழகத்தின் மார்ட்டின் கிரீன் குழு அதை 20 சதவீதத்துக்குக் கொண்டு வந்தது. அங்கே பிஎச்டி முடிச்ச ஷி ஜெங்ராங், 2001-ல சீனாவில் சன்டெக் கம்பெனியை ஆரம்பிச்சார். இதுக்கு நடுவுல 2000-ல ஜெர்மனி ஒரு சட்டம் போட்டது: சோலார் கரண்டை 20 வருஷத்துக்கு நிலையான விலையில வாங்கிக்கணும். அந்தக் கூடுதல் செலவை ஜெர்மன் மக்கள் தங்கள் மின் கட்டணத்துல கட்டினாங்க.

அமெரிக்க ஆய்வு, ஆஸ்திரேலிய மூளை, ஜெர்மன் பணம், சீனத் தொழிற்சாலை. நாலும் சேர்ந்ததுல, 2010-ல இருந்து பத்தே வருஷத்துல பேனல் விலை சுமார் 90 சதவீதம் குறைஞ்சது.

சரி, முதலீட்டாளர்கள் என்ன ஆனாங்க? சன்டெக் 2005-ல நியூயார்க் பங்குச் சந்தைக்கு வந்தது, உலகின் பெரிய பேனல் கம்பெனியாகவும் வளர்ந்தது. 2013-ல 54 கோடி டாலர் பாண்ட் கடனைத் திருப்பிக் கட்ட முடியாம விழுந்தது. ஒரு காலத்தில் உலகிலேயே அதிக சோலார் செல் தயாரிச்ச ஜெர்மனியின் க்யூ-செல்ஸ் 2012-ல திவால் மனு கொடுத்தது.

ஏன் இப்படி? தொழில்நுட்பம் எல்லை தாண்டிப் பரவினா, எல்லாரும் பேனல் செய்வாங்க. விலைப் போட்டியில லாபம் கரைஞ்சிடும். பலன் கடைசியா பேனலை வாங்கி மாட்டுறவருக்குத்தான் போகும்.

அதனாலதான் இந்தச் செலவைத் தனியார் மட்டும் செய்ய மாட்டாங்க, அரசுகள் சேர்ந்து செய்யணும்னு நான் சொல்றேன். 2015 நவம்பர்ல பாரிஸ்ல, இந்தியா உட்பட 20 நாடுகள் 'மிஷன் இன்னோவேஷன்' தொடங்கி, ஆராய்ச்சி பட்ஜெட்டை 5 வருஷத்துல இரட்டிப்பாக்குறதா சொன்னாங்க. செலவு கூடுச்சு, ஆனா மொத்தமா பார்த்தா இரட்டிப்பு ஆகலை. ரிட்டர்ன் கண்ணுக்குத் தெரியலைன்னு எஸ்ஐபி தொகையைக் குறைக்கிற மாதிரிதான் இதுவும். பேட்டரிக்கும் கிரீன் ஹைட்ரஜனுக்கும் இப்போ தேவைப்படுறது அந்தப் பொறுமைதான்.

"நாம ஆராய்ச்சிக்குக் கொடுப்போம், சீனா காசு பார்க்குமா?"னு கேட்கலாம். நியாயமான கேள்வி. உற்பத்தி ஒரே நாட்டுல குவியறது ஆபத்துதான். அதுக்கு வழி, இங்கேயும் தொழிற்சாலை வளர்க்கறது. ஆராய்ச்சியை நிறுத்தறது இல்ல. ஜெர்மன்காரர் கட்டின கரண்ட் பில்லுனால நம்ம மொட்டை மாடிக்கும் பேனல் மலிவா வந்திருக்கே!

அப்போ நாம என்ன செய்யலாம்?

முதல்ல மாடியைப் பாருங்க. நீங்க வாடகை வீட்ல இருந்தாலும், ஊர்ல அப்பா அம்மாவுக்குச் சொந்த வீடு இருக்கலாம். பிரதமர் சூர்ய கர் திட்டத்தில் 3 கிலோவாட்டுக்கு 78,000 ரூபாய் மத்திய அரசு மானியம். அவங்க பில்லை வச்சு, போட்ட பணம் எத்தனை வருஷத்துல திரும்பும்னு கணக்குப் போடுங்க.

ரெண்டாவது, கிரீன் தீம் ஃபண்டு வேணும்னா மொத்த முதலீட்டில் 5 சதவீதத்துக்குள்ள வச்சுக்கோங்க. என் அளவுகோல் அதுதான்.

மூணாவது, அடுத்த பட்ஜெட்டில் வரிச் சலுகையோட நிறுத்திடாம, ஆராய்ச்சிக்கு எவ்வளவு ஒதுக்கினாங்கன்னும் பாருங்க. அதோட ரிட்டர்ன் உங்க போர்ட்ஃபோலியோவில் தெரியாது. பதினஞ்சு வருஷம் கழிச்சு கரண்ட் பில்லுல தெரியும்.

இது என் தனிப்பட்ட கருத்து, முதலீட்டு ஆலோசனை இல்ல. அடுத்த பதிவில் சந்திப்போம்!