பழைய படத்துக்குப் புதுச் சாயம்

மூணாறில் ஒரு காலத்தில் ரயில் ஓடியது. 1902-ல் மாடுகள் இழுத்த ஒற்றைத் தண்டவாள வண்டி, 1908-ல் நீராவி ரயிலாயிற்று. 1924 பெருவெள்ளம் அதை அடியோடு அழித்தது. டாப் ஸ்டேஷன் வரை அதில் சென்ற தேயிலை, அங்கிருந்து கம்பிவடத்தில் போடி மலையடிவாரத்துக்கு இறங்கியது. இன்று அந்த ரயிலைக் கண்ணால் காண கருப்பு வெள்ளைப் படங்களே துணை.

இத்தகைய படங்களுக்கு இப்போது கம்ப்யூட்டர் நொடியில் வண்ணம் பூசிவிடுகிறது. பார்வைக்கு அழகுதான். ஆனால் அந்த நிறம் உண்மையா? அக்காலத்து பிலிம் சிவப்பைக் கருப்பாகவும், நீலத்தை வெளுப்பாகவும் பதித்தது. படத்தில் கருத்துத் தெரியும் சேலை அரக்குச் சிவப்பாகவும் இருந்திருக்கலாம். கம்ப்யூட்டர் ஊகித்துப் பூசுகிறது. பார்ப்பவரோ அதையே சரித்திரம் என்று நம்பிவிடுகிறார்.

கீறலையும் பூஞ்சைக் கறையையும் நீக்குவது அவசியமான பணி. வண்ணமும் பூசிக் காட்சிக்கு வைத்தால், அசலைப் பக்கத்திலேயே வைக்க வேண்டும். 'நிறம் ஊகம்' என்று தமிழிலும் மலையாளத்திலும் எழுத வேண்டும்.

அதைவிட அவசரமான வேலை ஒன்று உண்டு. பழைய படங்களில் துரைமாருக்குப் பெயர் இருக்கும். கூடை சுமந்தவர்கள் பெரும்பாலும் வெறும் 'கூலிகள்'. இடுக்கி லயங்களிலும் பாலக்காட்டு எல்லைக் கிராமங்களிலும் தமிழர் வீட்டு டிரங்குப் பெட்டிகளில் ஐம்பது, அறுபது ஆண்டுப் படங்கள் கிடக்கின்றன. அவற்றில் நிற்பவர் யார், எந்த ஊரிலிருந்து வந்தவர், உடுத்திய சேலை என்ன நிறம் என்று சொல்லக்கூடிய பாட்டிமார் இன்னும் இருக்கிறார்கள். அவர்களைக் கேட்டுப் படத்தின் பின்புறம் பென்சிலால் எழுதி வைப்போம். சாயம் பிறகு பூசிக்கொள்ளலாம்.